இயற்கை எரிவாயு வண்டி: டீசலுக்கு மாற்றா, நடுவழியில் ஒரு நிறுத்தமா?

கரிநிழல்:
சிஎன்ஜி (அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயு), எல்என்ஜி (குளிர்வித்துத் திரவமாக்கிய அதே வாயு) வண்டிகளில் பச்சை இலை ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறார்கள். உள்ளே இருப்பது மீத்தேன். அதுவும் நிலத்தடியிலிருந்து தோண்டி எடுப்பதுதான். கார், லாரி, பஸ் எதற்கானாலும் இனி இதில் புதிதாகப் பணம் போடுவது வீண். குழாய், கம்ப்ரசர், பங்க் என்று இன்றைக்குக் கொட்டினால், போட்ட பணத்தை எடுக்கவே இன்னும் இருபது வருஷம் இதையே கட்டிக்கொண்டு அழ வேண்டும். மறுப்பவர்கள் கணக்கோடு வரவும்.

லோடுவண்டி:
வந்துவிட்டேன். ஒரே அளவு வெப்பத்துக்குப் புகைக்குழாயில் வரும் கார்பன் டை ஆக்சைடு, பெட்ரோலைவிடச் சுமார் 20%, டீசலைவிடச் சுமார் 25% குறைவு. காரணம் எளிது: மீத்தேனில் ஒரு கார்பனுக்கு நான்கு ஹைட்ரஜன், டீசலில் அதில் பாதிதான். கரும்புகை ஏறக்குறைய இல்லை. எஞ்சின் சத்தமும் குறைவு.

டெல்லியை மறக்க வேண்டாம். 1998 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டது. கெடு தள்ளித் தள்ளிப் போனாலும் 2002 முடிவதற்குள் நகரப் பேருந்துகள் சிஎன்ஜிக்கு மாறின. 'இன்னும் நல்லது வரட்டும்' என்று அன்றைக்குக் காத்திருந்தால் மின்பேருந்து வரும்வரை ஜனங்கள் கரியைத்தான் சுவாசித்திருப்பார்கள்.

கரிநிழல்:
அன்றைய டீசலோடு ஒப்பிட்டால் எதுவும் ஜெயிக்கும். அதில் கந்தகம் அதிகம், பஸ்ஸில் வடிகட்டி கிடையாது. இன்றைய யூரோ 6 (ஐரோப்பியப் புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் வண்டியில் துகள் வடிகட்டி இருக்கிறது, யூரியா கரைசல் தெளித்து நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் ஏற்பாடு இருக்கிறது. அதோடு ஒப்பிட்டுச் சொல்லுங்கள்.

அந்த 25%-ஐயும் கொஞ்சம் உரித்துப் பார்க்கலாம். 1 கிலோ மீத்தேன் எரிந்தால் 2.75 கிலோ கார்பன் டை ஆக்சைடு வரும். அந்த 1 கிலோ தரும் 50 மெகாஜூல் வெப்பத்தை டீசலில் எடுத்தால் சுமார் 3.7 கிலோ. இதுவரை ஜெயம் உங்களுக்கு. ஆனால் ஸ்பார்க் பிளக் வைத்த வாயு எஞ்சின், அதே லோடை இழுக்க டீசல் எஞ்சினைவிடச் சுமார் 15% கூடுதல் வெப்பம் கேட்கும். அதைக் கழித்தால் 3.7 என்பது 3.2 ஆகிறது. அதில் மீத்தேனின் 2.75 போக மிச்சம் 450 கிராம்.

எரியாமல் வெளியேறும் மீத்தேன் 20 ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைவிட 80 மடங்குக்கு மேல் சூடேற்றும். 450-ஐ 80-ஆல் வகுத்துப் பாருங்கள். கிணற்றிலிருந்து சைலன்சர் வரை கிலோவுக்கு 6 கிராம் கசிந்தாலே லாபம் காலி. 0.6 சதவீதம்! 100 ஆண்டுக் கணக்குப்படி 28 மடங்கு என்று தாராளமாகப் போட்டாலும் 1.6 சதவீதம்தான். இத்தனை குழாய், வால்வு, கம்ப்ரசரைத் தாண்டி அதற்குள் நிற்குமா?

லோடுவண்டி:
கணக்கு சரி, ஆனால் ஒருதலைக் கணக்கு. டீசல் என்ன வானத்திலிருந்தா பங்குக்கு வருகிறது? எண்ணெய்க் கிணற்றில் கூடவே வரும் வாயுவைக் கொளுத்துகிறார்கள், அங்கேயும் மீத்தேன் கசிகிறது, சுத்திகரிப்பு ஆலையும் எரிபொருள் தின்கிறது. அதை டீசல் பக்கம் சேர்த்தால் உங்கள் 450 கிராம் கூடும். தவிர, எல்லா வாயு எஞ்சினும் ஸ்பார்க் பிளக் எஞ்சின் இல்லை. துளி டீசலைத் தெளித்துப் பற்றவைத்து, அந்தத் தீயில் வாயுவை உயர் அழுத்தத்தில் செலுத்தும் எஞ்சின்கள் லாரிகளில் ஓடுகின்றன. அவற்றின் திறன் டீசலுக்குக் கிட்டத்தட்டச் சமம்.

கரிநிழல்:
சேர்த்துக்கொள்ளுங்கள். கூடவே எல்என்ஜிக்காக -162 டிகிரிக்குக் குளிர்விப்பதையும் சேருங்கள். அந்த வேலைக்கே ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு வாயு போய்விடும்.

பட்டறைக்காரன்:
ரெண்டு பேரும் புகையைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்குறீங்க. வண்டியில கை வைக்கிறவன் சொல்றேன், கேளுங்க.

சிஎன்ஜியை 200 பார் அழுத்தத்துல அடைச்சாலும், அதே கொள்ளளவு டீசல்ல இருக்கிற சக்தியில கால்வாசிதான் வரும். கார்ல டிக்கி போச்சு. பெட்ரோல் எஞ்சின்ல கிட் மாட்டினா வாயு காத்தோட இடத்தைப் பிடிச்சுக்கும், பிக்கப் பத்து சதவீதம் அடி வாங்கும். எரிபொருள் உலர்ந்து வர்றதால, அதுக்குன்னு கெட்டிப்படுத்தாத வால்வ் சீட் சீக்கிரம் தேயும். கம்பெனியிலேயே சிஎன்ஜிக்குன்னு செஞ்சு வர்ற வண்டியில இந்தத் தொல்லை கம்மி.

பங்க்குல வேகமா நிரப்பும்போது சிலிண்டர் உள்ளே சூடாகும். மீட்டர் 200 காட்டும். ரெண்டு தெரு தாண்டி சிலிண்டர் ஆறினதும் முள்ளு கீழே இறங்கும். டிரைவருங்க பங்க்காரன் ஏமாத்திட்டான்னு சண்டைக்குப் போவாங்க. அவன் பாவம், பௌதிகத்துக்கு அவன் என்ன பண்ணுவான்! டிப்போவுல ராத்திரி முழுக்க மெதுவா நிரப்புற பஸ்ஸுக்கு இந்தப் பிரச்சினையே இல்ல.

புதுஓட்டுநர்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எல்லாம் சரி, சிலிண்டர் வெடிக்காதா? பின் சீட்டில் குழந்தைகள் உட்காருவார்கள், அதனால் கேட்கிறேன்.

பட்டறைக்காரன்:
தம்பி, நல்ல கேள்வி. சிலிண்டர் சும்மா வெடிக்காது. தீ பட்டு சூடானா வெடிக்கிறதுக்கு முன்னாடியே வாயுவைத் திறந்துவிட ஒரு காப்பு வால்வு இருக்கு. மீத்தேன் காத்தைவிட லேசு, மேல போயிடும். எல்பிஜி மாதிரி தரையில தேங்காது. ஆனா மூடின ஷெட்டுல அதே மீத்தேன் கூரைக்கடியில நிக்கும், அதனால பட்டறையில மேல திறப்பு வேணும்.

எனக்கு பயம் எல்என்ஜி மேலதான். குழாய்ல வர்ற வாயுவுக்குச் சேர்க்கிற நாத்த மருந்து அந்தக் குளிர்ல நிக்காது. அதனால கசிஞ்சா மூக்குக்குத் தெரியாது, கருவிக்குத்தான் தெரியும். கசிஞ்ச உடனே ரொம்பக் குளிரா இருக்கிறதால முதல்ல தரையோட தவழும், சூடேறின பிறகுதான் மேல ஏறும். நிரப்புறவன் கையுறையும் முகக்கவசமும் இல்லாம குழாயைத் தொடக்கூடாது. வண்டியை ஒரு வாரம் பத்து நாள் சும்மா நிறுத்தினா டேங்க் சூடேறி, வாயுவை வெளியே விட ஆரம்பிச்சிடும்.

கரிநிழல்:
பாருங்கள், நின்ற வண்டியும் மீத்தேன் விடுகிறது. நான் சொன்ன 6 கிராம் எங்கே போகிறது என்று இப்போது தெரிகிறதா?

லோடுவண்டி:
லாரியை ஒரு வாரம் சும்மா நிறுத்துகிறவன் தொழிலை விட்டே போய்விடுவான் சார். தினமும் ஓடுகிற வண்டிக்கு அது பிரச்சினையே இல்லை. சீனாவில் 2023-லும் 2024-லும் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் எல்என்ஜி லாரிகள் விற்றன. அதைப் பசுமைக்காக யாரும் வாங்கவில்லை, டீசலைவிட மலிவாக ஓடுகிறது என்று வாங்கினார்கள்.

வோல்ட்டேஜ்:
மலிவு என்பது எத்தனை நாளைக்கு? பாகிஸ்தான் ஒரு காலத்தில் உலகிலேயே அதிக சிஎன்ஜி வண்டிகள் ஓடிய நாடுகளில் ஒன்று. உள்நாட்டு வாயு போதாமல் போனதும் வாரத்தில் சில நாள் பங்க்குகளை மூடினார்கள், குளிர்காலத்தில் நிலைமை இன்னும் மோசம். 2022-ல் ஐரோப்பாவில் வாயு விலை எகிறியபோது எல்என்ஜி லாரி வாங்கியவர்கள் வண்டியை நிறுத்திவிட்டுக் கையைப் பிசைந்தார்கள். மின்சாரத்தைப் பத்து வழியில் எடுக்கலாம். சீனாவின் ஷென்சென் நகரம் 2017-லேயே 16,000-க்கும் மேற்பட்ட பஸ்களை மின்சாரத்துக்கு மாற்றிவிட்டது.

லோடுவண்டி:
நகரப் பஸ்ஸுக்குச் சரி. தினமும் ஒரே டிப்போவுக்குத் திரும்பும், ராத்திரி சார்ஜ் போடலாம். நாற்பது டன்னோடு நாள் முழுக்க ஓடும் லாரிக்கு பேட்டரியே டன் கணக்கில் எடை. அந்த எடை அளவுக்கு லோடு குறைகிறது. சார்ஜ் ஏறும் நேரத்துக்கு வாடகை யார் தருவார்?

சாணம், குப்பை, கழிவுநீரிலிருந்து வரும் மீத்தேனையும் யாரும் பேசவில்லை. சுவீடனில் வண்டிகளுக்குப் போடும் வாயுவில் பெரும்பகுதி அப்படி வருவதுதான். எப்படியும் காற்றில் கலக்கவிருந்த மீத்தேனைப் பிடித்து எரிக்கிறோம். அங்கே உங்கள் கசிவுக் கணக்கு தலைகீழ்.

கரிநிழல்:
அதற்கு என்னிடம் எதிர்ப்பு இல்லை. குப்பை லாரி அந்தக் குப்பை வாயுவிலேயே ஓடட்டும், அதற்கு நானே கைதட்டுவேன். ஆனால் ஊரிலுள்ள சாணம் முழுவதும் சேர்ந்தாலும் எல்லா லாரிக்கும் போதாது. அந்தச் சிறு அளவைக் காட்டி நிலத்தடி வாயுவுக்கு முழு வலைப்பின்னல் கட்டுவதைத்தான் எதிர்க்கிறேன். காருக்கு இது வேண்டவே வேண்டாம்.

புதுஓட்டுநர்:
எனக்குக் கிடைப்பது பழைய சிஎன்ஜி கார்தான் ஐயா, புது மின்காருக்கு வசதியில்லை. எதைப் பார்த்து வாங்குவது?

பட்டறைக்காரன்:
முதல்ல சிலிண்டர் மேல பொறிச்சிருக்கிற தேதியைப் பாருங்க தம்பி. செஞ்ச தேதி, கடைசியா அழுத்த சோதனை பண்ணின தேதி ரெண்டும் இருக்கணும். சிலிண்டருக்கு ஆயுசு உண்டு, காலம் முடிஞ்சிருந்தா பேரமே பேசாதீங்க. துரு, ஆழமான கீறல், யாரோ வெல்டு வச்ச தடம் இருந்தாலும் வேண்டாம். அப்புறம் எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் பண்ணி, பெட்ரோல்லேருந்து வாயுவுக்கு மாறும்போது குலுங்குதான்னு கவனிங்க. விக்கிறவர் முன்கூட்டியே எஞ்சினைச் சூடாக்கி வச்சிருந்தா, இன்னொரு நாள் காலையில சொல்லாம போய் நில்லுங்க.