"காரணமே இல்லாமல் பண்றான்" என்று சொல்லப்பட்ட பிள்ளைகள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கடைசிபெஞ்ச்

தலைப்பில் இருக்கும் வாக்கியத்தை எந்த ஸ்டாஃப் ரூமிலும் கேட்கலாம். நான் கேட்டது இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவனைப் பற்றி. மேஜை மேல் இருக்கும் நோட்டு, பென்சில் பெட்டி, பக்கத்துப் பிள்ளையின் நோட்டு எல்லாவற்றையும் ஒரே வீச்சில் கீழே தள்ளுவான். கத்துவான். மிஸ் வெளியே அனுப்புவார். உள்ளே வந்த கொஞ்ச நேரத்தில் மறுபடியும் தள்ளுவான். ஏன் இப்படிச் செய்கிறான் என்று கண்டுபிடிக்கும் நடத்தை மதிப்பீட்டுக்காக என்னைப் பின்னால் உட்கார்ந்து பார்க்கச் சொன்னார்கள். ஏபிசி தாள்தான், உங்களுக்குத் தெரிந்ததே: முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதற்குப் பிறகு என்ன நடந்தது.

கதை நேரத்தில் ஒன்றும் இல்லை. வாய்க்கணக்கில் ஒன்றும் இல்லை. போர்டைப் பார்த்து எழுதச் சொல்லும்போது மட்டும்தான். தாளின் முதல் கட்டத்தில் வரிக்கு வரி "போர்டிலிருந்து எழுதச் சொன்னார்". மூன்றாவது கட்டத்தில் வரிக்கு வரி "வெளியே அனுப்பப்பட்டான்".

மறக்க முடியாதது இதுதான். ஒரு தடவை தள்ளுவதற்கு முன்னால், பக்கத்தில் இருந்த பெண்ணின் தண்ணீர் பாட்டிலை எடுத்தான். மூடியைத் திருகிப் பார்த்தான். சரியாக இருக்கிறது என்று தெரிந்ததும் ஓரமாகத் தரையில் வைத்தான். அப்புறம் மிஸ்ஸைப் பார்த்தான், கதவைப் பார்த்தான், தள்ளினான். வெளியே போய்ச் சுவரோரம் உட்கார்ந்து ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தான். கோபத்தில் கண்மண் தெரியாமல் செய்கிறவன் பாட்டில் மூடியைச் சரிபார்ப்பானா?

எழுதும் வேலையிலிருந்து தப்பிப்பதுதான் காரணம் என்று அறிக்கை கொடுத்தேன். கண் பரிசோதனை, எழுத்துத் திறன் மதிப்பீடு, போர்டுக்குப் பதில் மேஜை மேலேயே ஒரு தாள், குறைந்த வரிகள், "கொஞ்ச நேரம் நிறுத்திக்கொள்ளட்டுமா" என்று கேட்க ஒரு அட்டை. எல்லோரும் தலையாட்டினார்கள். அடுத்த கல்வியாண்டில் புது வகுப்பாசிரியர் என்னை வராந்தாவில் நிறுத்தி, "ஒரு பையன் காரணமே இல்லாமல் எல்லாத்தையும் தள்ளிவிடுறான், வந்து பார்க்கிறீங்களா?" என்றார். அதே பையன். அறிக்கை அலமாரியில் பத்திரமாக இருந்தது.

சாக்பீஸ் தூசி

உங்களுடையது சத்தமான பையன். எங்கள் வகுப்பில் இருந்தது சத்தமே இல்லாத பெண், எட்டு வயது. "கவனிக்கவே மாட்டாள், கூப்பிட்டால் திமிராக முறைத்துப் பார்ப்பாள்" என்று மூன்றாம் வகுப்பிலிருந்தே குறிப்பு எழுதி அனுப்பியிருந்தார்கள். கவுன்சிலர் வந்து, எப்போது, எவ்வளவு நேரம் என்று மட்டும் குறித்துவையுங்கள் என்றார். கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்தேன். எல்லாமே சில விநாடிகள்தான். பத்து, பன்னிரண்டு. பிடித்த பாடத்திலும் வந்தது, பிடிக்காத பாடத்திலும் வந்தது. விளையாட்டு மைதானத்திலும் வந்தது. யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் வந்தது.

ஒருநாள் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். "கப்ப..." என்று நின்றாள். இமை மட்டும் லேசாகத் துடித்தது. வகுப்பு சிரித்தது. "...லில்" என்று விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்தாள். எல்லோரும் ஏன் சிரிக்கிறார்கள் என்று அவளுக்குப் புரியவில்லை. அந்த முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

டாக்டர் அவளை வேகவேகமாக மூச்சு விடச் சொன்னாராம். அங்கேயே வந்துவிட்டது. மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் ஈஈஜி எடுத்தார்கள். அப்சன்ஸ் வகை வலிப்பு, சில விநாடிகள் நினைவு மட்டும் தப்பிப்போகும். கீழே விழுந்து கைகால் இழுத்தால்தான் வலிப்பு என்று நினைத்திருக்கும் ஒரு ஸ்டாஃப் ரூமில் இதைச் சொல்லிப் புரியவைக்கப் பட்ட பாடு தனிக்கதை. அத்தனை மாதம் திமிர் என்று திட்டு வாங்கியது அந்தப் பிள்ளை.

ஏழாம்வகுப்பு வாத்தியார்

கடைசிபெஞ்ச் கொடுத்துவைத்தவர். பின்னால் உட்கார்ந்து எழுத உங்களுக்கு நேரம் கொடுத்திருக்கிறார்கள். பாடம் நடத்துகிறவன் எப்படி எழுதுவது? போர்டில் எழுதவா, ஏபிசி எழுதவா, இரண்டுக்கும் நடுவில் சண்டையை விலக்கவா?

என் கதை சின்னது. மேஜையில் பேனாவால் தட்டுகிற பையன். மதிப்பீடு செய்ய வந்தவர் ஒரே பீரியட் பார்த்துவிட்டு, "கவனம் ஈர்க்கத்தான், கண்டுகொள்ளாதீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கண்டுகொள்ளவில்லை. தட்டல் கூடியது. அடுத்த வாரம் ஸ்கேலால் தட்டினான். அதற்கும் அடுத்து பெஞ்ச் மேல் ஏறி நின்று, இரண்டு கையாலும் தாளம் போட்டு, "சார், இதுகூடக் கேட்கலையா?" என்றான். வகுப்பே கைதட்டியது. அந்த நேரம் பார்த்து ஹெச்எம் உள்ளே வந்தார்.

இப்போது சொல்லுங்கள், இந்த மதிப்பீட்டால் யாருக்கு லாபம்? நாங்கள் படித்த காலத்தில் ஒரு பார்வை போதும், அடங்கிவிடுவோம்.

சாக்பீஸ் தூசி

ஒரு பார்வையில் அடங்கினவர்கள்தான் இன்று வந்து சொல்கிறார்கள், வாத்தியார் சார். அடங்காதவர்கள் பாதியில் படிப்பை விட்டுவிட்டார்கள். அவர்கள் இங்கே வந்து எழுதப்போவதில்லை.

ரிசோர்ஸ்ரூம்

நான் சிறப்புக் கல்வி ஆசிரியர். முதலில் என் அனுபவம், சுருக்கமாக. பேச்சு வராத ஆறு வயதுப் பையன், தன் காதில் தானே ஓங்கி அடித்துக்கொள்வான். பாடம் கொடுத்தாலும் அடிப்பான், கொடுக்காவிட்டாலும் அடிப்பான், தனியாக இருக்கும்போதும் அடிப்பான். ஒரே பக்கக் காதில். ஈஎன்டி டாக்டர் பார்த்தார், உள்ளே சீழ். மருந்து கொடுத்ததும் நின்றது. அதற்குள் அவனுக்கு நடத்தைத் திட்டம் ஒன்று அச்சடித்துத் தயாராக இருந்தது. நட்சத்திர ஸ்டிக்கர் எல்லாம் வாங்கிவிட்டார்கள். காது வலிக்கிற பிள்ளைக்கு ஸ்டிக்கர்.

வாத்தியார் சாருக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கண்டுகொள்ளாமல் விட்டதும் கூடியது என்பது நீங்கள் சொல்கிற மாதிரி மதிப்பீடு பொய் என்பதற்குச் சாட்சி இல்லை. இதுவரை கிடைத்துவந்தது திடீரென்று கிடைக்காமல் போனால், நடத்தை நிற்பதற்கு முன் ஒரு தடவை உக்கிரமாகலாம். எக்ஸ்டிங்ஷன் பர்ஸ்ட் என்பார்கள். எல்லாப் பிள்ளையிடமும் வராது, ஆனால் வரலாம் என்று முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். இன்னொன்று, நீங்கள் கண்டுகொள்ளவில்லை, வகுப்பு கைதட்டியதே! அவனுக்கு வேண்டியது உங்கள் கவனம் என்று யார் சொன்னது? கூட்டாளிகளின் கவனமாக இருந்தால், நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாலும் ஒன்றும் மாறாது. பத்துத் தடவை விட்டுவிட்டுப் பதினோராவது தடவை ஹெச்எம் வந்து சத்தம் போட்டால், பதினோரு தடவை தட்ட வேண்டும் என்றுதான் கற்றுக்கொள்வான். அப்படி எப்போதாவது கிடைக்கிற பலன்தான் பழக்கத்தை இன்னும் கெட்டியாக்கும்.

ஒரு பீரியட் பார்த்துவிட்டு "கவனத்துக்காக" என்று எழுதுவது எங்கள் துறையின் சாபக்கேடு. பிள்ளை எதைச் செய்தாலும் ஆசிரியர் திரும்பிப் பார்க்கத்தான் செய்வார். அதனால் ஏபிசி தாளின் மூன்றாவது கட்டத்தில் "ஆசிரியர் பேசினார்" என்பது நிறைய வரும். வருகிறது என்பதாலேயே அதற்காகத்தான் செய்கிறான் என்று ஆகாது. பார்த்து எழுதுவது ஒரு ஊகத்தைத் தரும், அவ்வளவுதான். சோதித்துப் பார்க்க வேண்டும். 1982-இல் நடத்தை ஆய்வாளர் பிரையன் இவாட்டாவும் கூட இருந்தவர்களும் செய்தது அதைத்தான். தங்களையே காயப்படுத்திக்கொள்ளும் ஒன்பது பேரை வேறுவேறு சூழ்நிலைகளில் வைத்து, பாடம் கொடுத்தால் எவ்வளவு, கண்டித்துப் பேசினால் எவ்வளவு, தனியாக விட்டால் எவ்வளவு, எதுவும் கேட்காமல் விளையாட விட்டால் எவ்வளவு என்று ஒப்பிட்டார்கள். வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரியான செயல். ஆளுக்கு ஆள் காரணம் வேறாக இருந்தது.

அந்த அளவுக்கு வகுப்பில் செய்ய முடியாது. செய்யவும் கூடாது, பயிற்சி இல்லாமல் காயப்படுத்திக்கொள்ளும் நடத்தையோடு விளையாடக்கூடாது. ஆனால் நேரம் இல்லாதவர்களுக்கு ஸ்கேட்டர் பிளாட் இருக்கிறது. 1985-இல் வந்த முறை. நாளை அரைமணி அரைமணியாகக் கட்டம் போட்ட ஒரே தாள். நடந்தால் அந்தக் கட்டத்தைக் கறுப்பாக்குங்கள், நடக்காவிட்டால் வெறுமனே விடுங்கள். பாடம் நடத்திக்கொண்டே செய்யலாம். இரண்டு வாரத்தில் கறுப்பு எந்த நேரத்தில் குவிகிறது என்று தெரிந்துவிடலாம். அந்த நேரத்துக்கு மட்டும் யாராவது வந்து பார்த்தால் போதும்.

அதே 1985-இல் எட்வர்ட் கார், மார்க் டுராண்ட் என்ற உளவியலாளர்கள் இருவரும் நான்கு பிள்ளைகளை வைத்துச் செய்ததையும் படித்துப் பாருங்கள். பாடம் கடினமாக இருப்பதால் கலாட்டா செய்கிற பிள்ளைக்கு "எனக்குப் புரியவில்லை" என்று சொல்லக் கற்றுக்கொடுத்தார்கள். கவனத்துக்காகச் செய்கிற பிள்ளைக்கு "நான் நன்றாகச் செய்கிறேனா?" என்று கேட்கக் கற்றுக்கொடுத்தார்கள். கலாட்டா குறைந்தது. காரணத்துக்குப் பொருந்தாத வாக்கியத்தை மாற்றிக் கற்றுக்கொடுத்தபோது குறையவில்லை. கடைசிபெஞ்ச் கொடுத்த அட்டையும் இந்த வழிதான்.

ஏழாம்வகுப்பு வாத்தியார்

நான் அறிவுரை கேட்கவில்லை. ஆனால் கைதட்டல் விஷயம் சரி. அந்தப் பையன் இப்போது எட்டாம் வகுப்பு. அங்கே யாரும் கைதட்டுவதில்லை போலிருக்கிறது, புகார் ஒன்றும் வரவில்லை. அது அடக்கமா, சலிப்பா, தெரியாது.

ஒரு அம்மா

ஆசிரியர்கள் பேசுகிற இடத்தில் நுழைகிறேன், மன்னிக்கவும். மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவள் நான்.

என் மகனுக்கு இந்த மதிப்பீடு நடந்தது. கூட்டத்துக்குக் கூப்பிட்டு, தாளை என் முன் வைத்தார்கள். நான்கு பக்கம். "நடத்தை" என்ற கட்டத்தில் அழகாக, தேதியோடு, நேரத்தோடு எழுதியிருந்தது. கடித்தான், ஓடினான், கதவைச் சாத்திக்கொண்டான். "முன்னால் என்ன நடந்தது" என்ற கட்டத்தில் முதல் வரியில் "காரணமின்றி". கீழே கடைசிப் பக்கம் வரைக்கும் மேற்படிக் குறி. ஒரே குறி, நான்கு பக்கமும்.

அதை விரலால் காட்டிக் கேட்டேன், "மேடம், இந்தக் கட்டத்தைப் பார்க்கத்தானே இந்தத் தாள்?" பதில் வரவில்லை. தலைமையாசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார். முடிவில், "கவனம் தேடுகிறான்" என்று எழுதிக் கையெழுத்து கேட்டார்கள். நான் போடவில்லை.

கவனம் வேண்டும் என்று நினைப்பது ஒரு குற்றமா என்ன? எட்டு வயதுப் பிள்ளைக்கு அது வேண்டாமா? வேண்டும் என்று தெரிந்தால், கடிப்பதற்கு முன்பே கொடுக்கலாமே. வீட்டில் எனக்குத் தெரியும், மிக்ஸி சத்தம் வந்தால் ஓடுவான், விசில் ஊதினால் ஓடுவான். பள்ளியில் அவன் ஓடிய நேரங்களை எடுத்து நானே மணி அடிக்கும் அட்டவணையோடு வைத்துப் பார்த்தேன். பெரும்பாலும் மணிக்கு அடுத்த நிமிஷம். அதைச் சொல்ல இன்னொரு கூட்டம் கேட்டிருக்கிறேன், தேதி கொடுக்கவில்லை.

ரிசோர்ஸ்ரூம்

அம்மா, கூட்டத்துக்குக் காத்திருக்காதீர்கள். அந்த ஒப்பீட்டை ஒரே பக்கத்தில் எழுதி, தேதி போட்டு, அனுப்பிவிடுங்கள். பெற்றோரிடம் கேட்பது மதிப்பீட்டின் ஒரு பகுதி, தயவு இல்லை.

கடைசிபெஞ்ச்

மேற்படிக் குறி போட்ட தாளை நானும் பார்த்திருக்கிறேன். அந்த ஆசிரியரையும் முழுசாகக் குறை சொல்ல மாட்டேன். சம்பவம் முடிந்து, சாயங்காலம் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினால் கடி நினைவிருக்கும், மணி நினைவிருக்காது.

நிழல்டீச்சர்

இது இன்னும் முடியாத கதை, அதனால்தான் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்புப் பெண். கணக்குத் தாளைக் கிழிப்பாள், துண்டு துண்டாக. அவளுடைய தாளை மட்டும்தான், பிறருடையதைத் தொட மாட்டாள். கணக்கு கடினம் என்று நினைத்தோம். ஆனால் செவ்வாய்க்கிழமை அதே மாதிரி கணக்கைக் கடகடவென்று போடுவாள். கட்டம் போட்டுப் பார்த்தால் கறுப்பு முழுக்கத் திங்கட்கிழமை முதல் பீரியட். திங்களன்று முன்னால் நடப்பது என்ன என்று எழுதினால், மற்ற நாள்களில் நடப்பதேதான்: தாள் கொடுக்கப்பட்டது.

ஒரு திங்களன்று கிழித்த துண்டுகளை அவளே பொறுக்கிக்கொண்டிருந்தாள். நானும் குனிந்து பொறுக்கினேன். "சனி ஞாயிறு அந்த வீட்டில் எனக்குத் தூக்கமே வராது மிஸ்" என்றாள், துண்டுகளை அடுக்கிக்கொண்டே. அப்பா அம்மா பிரிந்திருக்கிறார்கள். பயப்படுகிற மாதிரி எதுவும் நடக்கிறதா என்று கவுன்சிலர் தனியாகப் பேசிப் பார்த்தார். அப்படி இல்லை. புது இடம், டிவி சத்தம், கட்டில் இல்லை, அவ்வளவுதான்.

என் சிக்கல் இது. இதைத் தாளில் எழுதினால் அது கோப்பில் போகும், கோப்பை இரண்டு பெற்றோரும் கேட்டு வாங்கலாம், நீதிமன்றம் வரைக்கும் போகலாம். எழுதாவிட்டால் அடுத்த ஆசிரியர் "காரணமின்றி" என்று எழுதுவார்.

ரிசோர்ஸ்ரூம்

இது செட்டிங் ஈவன்ட். அந்த நிமிஷத்தில் நடப்பதில்லை, ஆனால் அதே தாளை அன்று தாங்க முடியாததாக ஆக்கிவிடுகிறது. "முந்தைய இரவு தூக்கம் குறைவாக இருந்த நாள்களில்" என்று எழுதுங்கள். வீடு யாருடையது என்று திட்டத்துக்குத் தேவையில்லை.

ஒரு அம்மா

அந்தப் பிள்ளையைக் கேட்டீர்களா, எதை எழுதலாம் என்று?

நிழல்டீச்சர்

கேட்டேன். "தூக்கம்னு மட்டும் போடுங்க மிஸ்" என்றாள். அப்படியே போட்டுவிட்டேன். திங்கட்கிழமை முதல் பீரியடில் தாளுக்குப் பதில் வாய்க்கணக்கு வைக்கலாம் என்று திட்டத்தில் எழுதியிருக்கிறோம். கணக்கு சார் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒருத்திக்காக மொத்த வகுப்பின் அட்டவணையை மாற்ற முடியாது என்கிறார். மற்ற பிள்ளைகளில் எத்தனை பேர் திங்களன்று தூங்கி வழிகிறார்கள் என்று அவரையே கட்டம் போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.