நம்ம குடும்பம் குரூப்: குட்டியோட கிளாஸ் போட்டோ

2025 மே 10, சனிக்கிழமை

குட்டி, மாலை 6:41
(போட்டோ)
எங்க 12 பி. பிப்ரவரில வேப்ப மரத்தடில எடுத்தது. மிஸ் இன்னைக்குத்தான் அனுப்புனாங்க.

பெரியம்மா சாத்தூர்
அடடா. எல்லாம் ஒரே ரெட்டைச் சடை, ஒரே ரிப்பன். யாரு எவன்னே தெரியல.

மாமா திருப்பூர்
600க்கு எவ்வளவு? வியாழக்கிழமை ரிசல்ட் வந்துச்சு, இன்னும் குரூப்ல ஒண்ணையும் காணோம்.

அம்மா
511டா. உனக்குத்தான் முதல் போன் போட்டேன். பனியன் கம்பெனி சத்தத்துல காதுல விழல போல.

மாமா திருப்பூர்
சரி சரி. கிளாஸ்ல எத்தனாவது?

குட்டி
மாமா, மார்க்கை விடுங்க. ரெண்டு நாளா எல்லாரும் அதையேதான் கேக்காங்க. போட்டோவப் பாருங்க. இனி இவளுக எல்லாரும் ஒரு இடத்துல நிக்கவே மாட்டாளுக.

தாத்தா
கடைசி வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கும் பிள்ளை யார்

குட்டி
முன் வரிசை இடது ஓரம், பல்லு அத்தனையும் தெரியச் சிரிக்காளே, அவ பொட்டலம். அவ அப்பா கடலைமிட்டாய்க் கடைல பாகு காய்ச்சுறவரு. துண்டு போடும்போது உதிர்ற ஓரத்தை எல்லாம் பேப்பர்ல மடிச்சுக் கொண்டு வருவா. முதல் பீரியட் முடியுறதுக்குள்ள பேப்பர் மட்டும்தான் மிஞ்சும்.

ஒருநாள் கெமிஸ்ட்ரி மிஸ் பிடிச்சிட்டாங்க. எந்திரிச்சு நிக்கச் சொன்னா, இவ வாயைத் துடைச்சுக்கிட்டே "மிஸ், மழைக்காலத்துல மட்டும் மிட்டாய் ஏன் பிசுபிசுங்குது?"ன்னு கேட்டா. வெல்லம் காத்துல இருக்க ஈரத்தை இழுக்கும்னு ஆரம்பிச்ச மிஸ், மணி அடிக்கிற வரைக்கும் நிறுத்தல. நாங்க தப்பிச்சோம்.

பெரியம்மா சாத்தூர்
கெட்டிக்காரிதான். மேல என்ன படிக்கப் போறா?

குட்டி
ஃபுட் டெக்னாலஜி. கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020லயே புவிசார் குறியீடு கிடைச்சாச்சு, ஆனா அவ அப்பா இன்னும் தண்ணில ஒரு சொட்டு பாகை விட்டு, விரலால உருட்டித்தான் பதம் பாக்காரு. "படிச்சிட்டு வந்து தெர்மாமீட்டர் வாங்கித் தாரேன்"னு சொன்னாளாம். "மொதல்ல என் விரலு தப்பு சொல்லட்டும், அப்புறம் வாங்கு"ன்னாராம்.

மாமா திருப்பூர்
அப்பாதான் சரி.

அத்தை
நீங்க சும்மா இருங்க. குட்டி, நெத்தில தழும்போட நெட்டையா நிக்காளே, அது யாரு?

குட்டி
அத்தை, அது கோலி. ஹாக்கி கோல்கீப்பர். பாதி வருஷம் மேட்ச்சுலதான் இருப்பா. அட்டென்டன்ஸ்ல அவ பேர் வந்தா நாங்க மொத்தமா "கிரவுண்ட் மிஸ்"னு கத்துவோம். ஹெல்மெட் அவளுக்குப் பெருசு, உள்ள ஒரு துண்டை மடிச்சு வச்சுத்தான் போடுவா. மேலக்கோட்டையூர் விளையாட்டுப் பல்கலைக்கழகத்துல சேரணும்னு நிக்கா. பி.டி. டீச்சர் ஆனா, பி.டி. பீரியடை ஒரு நாளும் மேக்ஸ் மிஸ்ஸுக்குக் கடன் குடுக்க மாட்டாளாம்.

அண்ணன் ஓசூர்
இவளுக்கு என் ஓட்டு.

தாத்தா
கண்ணை மூடிய பிள்ளையைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை

அம்மா
அப்பா, வெயிலு. சும்மா கண்ணு கூசிருக்கும்.

குட்டி
நடுவுல கண்ணாடி போட்டவ டாக்டர். மே 4 நீட் எழுதிட்டு வந்ததுல இருந்து பிசிக்ஸ்னு யாராவது சொன்னாலே அழுகா. ரிசல்ட் வரட்டும், அப்புறம் எழுதுதேன்.

அவளுக்குப் பின்னாடி மூஞ்சியப் பாதி மறைச்சுக்கிட்டு நிக்கவ பேசவே மாட்டா. ஆனா கிளாஸ் ஃபேன் நின்னா ஹெச்.எம். ஆளனுப்புறதுக்குள்ள இவ ஸ்டூல் மேல ஏறி நிப்பா. ஐ.டி.ஐ.ல எலக்ட்ரீஷியன், ரெண்டு வருஷம். வீட்ல சொல்லிட்டா, சம்மதிச்சிட்டாங்க.

மாமா திருப்பூர்
பொம்பளப் பிள்ளை எலக்ட்ரீஷியனா? போஸ்ட் மரத்துல ஏறுவாளா?

அத்தை
நம்ம வீட்டு மிக்சி மூணு மாசமா அட்டைப் பெட்டிக்குள்ள தூங்குது. அந்தப் பிள்ளையோட நம்பர் குடு குட்டி.

மாமா திருப்பூர்
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அத்தை
நான் பாத்துட்டேன்.

பெரியம்மா சாத்தூர்
எப்பவும் கணக்கு கணக்குன்னு சொல்லுவியே, உன் பெஞ்சுக்காரி, அவ எங்கட்டி?

குட்டி
போட்டோல இல்ல பெரியம்மா. அன்னைக்கு அவ வரல. அம்மாவுக்கு முதுகு வலின்னு தீப்பெட்டி ஆபீசுக்கு இவ போயிட்டா.

அவளுக்குக் கணக்குன்னு பேர் வந்ததே அங்க இருந்துதான். ஒரு குரோஸ்க்கு 144 பெட்டி. சின்ன வயசுல இருந்து அம்மா கூட உக்காந்து ஒட்டி ஒட்டி, 144ஆம் வாய்ப்பாடு அவளுக்குத் தூக்கத்துலயும் வரும். ஒம்பதாப்புல மேக்ஸ் மிஸ் சும்மா 144ஐ 17ஆல பெருக்கச் சொன்னாங்க. நாங்க நோட்டு திறக்குறதுக்குள்ள 2448ன்னுட்டா. எதை எழுதுனாலும் கையை முதல்ல பாவாடைல துடைப்பா. கைல பசை இல்லாத நாள்லயும்.

மார்க் 548. அவதான் கிளாஸ்ல முதல், மாமா. கேட்டீங்கள்ல.

அண்ணன் ஓசூர்
மேக்ஸ், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி தனித்தனியா சொல்லு.

குட்டி
96, 88, 91.

அண்ணன் ஓசூர்
96 கூட பிசிக்ஸ், கெமிஸ்ட்ரில பாதி, 44, 45.5. இன்ஜினியரிங் கட்ஆஃப் 200க்கு 185.5. நல்ல மார்க். அப்ளை பண்ணிட்டாளா?

குட்டி
இல்ல. அவ அப்பா "ஃபீஸு, ஹாஸ்டலு, நமக்கு எட்டுற கிளையா"ன்னுட்டாராம். திங்கக்கிழமைல இருந்து தீப்பெட்டி ஆபீஸ். நேத்து என்கிட்ட சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா.

அண்ணன் ஓசூர்
நில்லு. ஆறாவதுல இருந்து எங்க படிச்சா?

குட்டி
எட்டு வரைக்கும் அவ ஊர்ல யூனியன் நடுநிலைப் பள்ளி. ஒம்பதுல இருந்து நம்ம ஸ்கூல்.

அண்ணன் ஓசூர்
அப்ப மொத்தமும் அரசுப் பள்ளி. 7.5 சதவீத ஒதுக்கீட்டுல வருவா. அதுல சீட் கிடைச்சா படிப்புக் கட்டணம், ஹாஸ்டல் கட்டணம் ரெண்டையும் அரசாங்கமே கட்டுது, 2021ல இருந்து. அவ அப்பாவுக்கு இது யாரும் சொல்லலையா?

குட்டி
எனக்கே தெரியாது. எனக்கு அது கிடையாதுன்னு மட்டும்தான் தெரியும். நான் எட்டு வரைக்கும் உதவி பெறும் பள்ளி.

அண்ணன் ஓசூர்
ஆமா, உதவி பெறும் பள்ளி அதுல சேராது. இது போக மாசம் 1000 ரூபா புதுமைப் பெண் திட்டம் வேற. ஆறுல இருந்து அரசுப் பள்ளிதான்னு ஹெச்.எம். கையெழுத்து வாங்கணும். இன்ஜினியரிங் கவுன்சிலிங் பதிவுக்கு ஜூன் 6 வரைக்கும் டைம் இருக்கு. நான் இங்க இருந்தே போன்ல சொல்லித் தாரேன், நீ உக்காந்து பதிஞ்சு குடு. பணம் நான் போடுதேன்.

அம்மா
பதியுறது கிடக்கட்டும். அவ அப்பன்கிட்ட யாரு பேசுறது? குட்டி போய்ச் சொன்னா "சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்"பாரு.

பெரியம்மா சாத்தூர்
நான் வாரேன். நாளைக்குக் காலைல முதல் பஸ்ல ஏறுதேன். நானும் பெட்டி ஒட்டுனவதானே. எட்டாங்கிளாஸ் முடிஞ்ச லீவுல "ஒரு மாசத்துக்கு மட்டும்"னுதான் என்னையும் அனுப்புனாங்க.

(7:32ல இருந்து 7:40 வரைக்கும் யாரும் எதுவும் எழுதல)

தாத்தா
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

தாத்தா
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

தாத்தா
அந்த வருஷம் மழை இல்லை. பருத்தி முழுக்கக் கருகிவிட்டது. பெரியவளே நீ வா. நானும் வருகிறேன். அந்தப் பிள்ளையின் தகப்பனாரிடம் நான் பேசுகிறேன்

பெரியம்மா சாத்தூர்
சரிப்பா. மாத்திரையைப் போட்டுட்டுக் கிளம்புங்க. வெயிலுக்கு முன்னாடி போயிருவோம்.

மாமா திருப்பூர்
எல்லாம் சரி. குட்டி, மத்தவ கதை எல்லாம் சொன்ன. நீ என்ன படிக்கப் போற?

குட்டி
வேளாண்மை. கிள்ளிகுளம் வேளாண் காலேஜ் கிடைச்சா வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்துருவேன்.

மாமா திருப்பூர்
தாத்தா காட்டுல கத்துக்காததையா காலேஜ்ல சொல்லித் தரப் போறாங்க?

அத்தை
நீங்க தாத்தா காட்டுல எத்தனை நாள் களை எடுத்தீங்க?

மாமா திருப்பூர்
நான் சாப்பிடப் போறேன்.

தாத்தா
கிள்ளிகுளத்தில் மண் வேறு. நம் மண் கரிசல். அதைப் பற்றியும் கேட்டுப் படி

குட்டி
கண்டிப்பா தாத்தா. நாளைக்கு எட்டு மணிக்கு ரெடியா இருங்க. அவளுக்கு இன்னும் சொல்லல. சொன்னா வேண்டாம்பா. நேராப் போயிருவோம்.

தாத்தா
சரி. அந்தக் கண்ணை மூடிய பிள்ளை யார் என்று கடைசி வரை ஒருவரும் சொல்லவில்லை. அதுவும் நல்லா படிக்கிற பிள்ளையா

குட்டி
தாத்தா, கண்ணாடியப் போட்டுட்டு நல்லாப் பெருசாக்கிப் பாருங்க. அது நான்.