கிளட்ச் கனத்துக்கு ஒரு சொல் பத்தாது, ரெண்டு வேணும்

வணக்கம். கார் கோளாறுகளுக்குத் தமிழ்ச் சொல் தேடற இந்தப் பேச்சுல, கிளட்ச் மிதி அமுக்க முடியாம ஹார்டா இருக்கறதுக்கு "மிதி இறுக்கம்"னு ஒரு யோசனையும் "மிதிக் கடுமை"ன்னு இன்னொண்ணும் வந்திருக்கு. ரெண்டுமே எனக்கு ஒத்து வரல. இறுக்கம்னு சொன்னா கேபிள்ல ப்ளே (கிளட்ச் இழுபட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி இருக்கற வெத்து ஆட்டம்) இல்லாம டைட் வச்சிருக்குன்னுதான் மெக்கானிக் புரிஞ்சுக்குவார், அது வேற கோளாறு. கடுமையை வச்சு "மிதி கடுக்குது"ன்னு சொல்லப் போனா காலு கடுக்கற மாதிரி அர்த்தம் மாறிடுது. கனம்னே வைங்க, "மிதி கனக்குது"ன்னு சட்டுனு வாயில வரும். வினையா வராத சொல்லு கார் பக்கத்துல நிக்கறப்ப உதவாது.

ஆனா நான் எழுத வந்தது வேற. கனம்ங்கற ஒரு சொல்லுக்குள்ள ரெண்டு கோளாறு ஒளிஞ்சிருக்கு, அதைப் பிரிச்சுச் சொல்ல சொல் இல்லாததாலதான் பல பேர் தேவையில்லாம கிளட்ச் செட்டையே (பிளேட்டு, அழுத்தத் தட்டு, பேரிங் எல்லாம் சேர்த்து) மாத்தறாங்க.

என் காரு சின்னது, கேபிள் கிளட்ச், அதாவது மிதியை அமுக்கினா ஒரு கம்பி போய் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கற கிளட்ச் லீவரை இழுக்கும். கொஞ்சம் கொஞ்சமா கனத்துக்கிட்டே வந்து ஒரு கட்டத்துல இடது முழங்கால் விண்ணு விண்ணுனு தெறிக்க ஆரம்பிச்சிருச்சு. காட்டுன எடத்துல "பிளேட்டு போச்சு, செட்டா மாத்திடலாம்"னாங்க. நான் வீட்டுக்கு வந்து இன்ஜினை ஆஃப் பண்ணி, நியூட்ரல்ல போட்டு, ஹேண்ட்பிரேக் இழுத்துட்டு (பிரேக்குக்கு இருக்கற மாதிரி இதுக்கு வேக்குவம் உதவி கிடையாது, அதனால இன்ஜின் ஓடாமலே பார்க்கலாம்) மிதியைக் கையால அடி வரைக்கும் அமுக்கி மெதுவா விட்டேன். பாதி தூரத்துல ஒரு தயக்கம், நின்னு நிதானமா மேல வந்துச்சு. அங்கயே பாதி விஷயம் தெரிஞ்சுபோச்சு. வில்லு (கிளட்ச் உள்ள பிளேட்டை அழுத்திப் பிடிச்சு வைக்கற ஸ்பிரிங்) மட்டும் எதிர்த்தா, அமுக்கறப்ப எவ்வளவு எதிர்க்குதோ விடறப்ப கிட்டத்தட்ட அதே பலத்துல கையைத் தள்ளிக்கிட்டு மேல வரணும், உரசல் அப்படி இல்ல, போறப்பவும் தடுக்கும் வர்றப்பவும் தடுக்கும்.

அப்புறம் கியர்பாக்ஸ் பக்கம் லீவர்ல இருந்து கேபிளைக் கழட்டி உள் கம்பியை முன்னயும் பின்னயும் இழுத்துப் பார்த்தேன், கரகரன்னு மண்ணுல இழுக்கற மாதிரி இருந்துச்சு. மிதியில மாட்டற முனைகிட்ட விரலை ஓட்டினா கட்டைவிரல்ல சுருக்குனு குத்துது. டார்ச் அடிச்சுப் பார்த்தா முறுக்கு கம்பியில ரெண்டு இழை அறுந்து முள்ளு மாதிரி நீட்டிக்கிட்டு நிக்குது, அதைச் சுத்தி பழுப்பா துருப்பொடி. கேபிள் மட்டும் மாத்தினேன், புதுசை எங்கயும் மடங்காம, சைலன்சர் குழாய் சூடு படாம வளைச்சு விட்டேன், கனம் போயிடுச்சு.

கேபிள் வழவழன்னு ஓடுச்சுன்னா அடுத்து பார்க்க வேண்டியது லீவர் தண்டு உள்ள போற எடத்துல இருக்கற புஷ், அப்புறம் ரிலீஸ் பேரிங் (மிதியை அமுக்கறப்ப வில்லைத் தள்ளற பேரிங்) நகர்ற குழாய். அதுவும் உரசல்தான்.

இன்னொரு வகை நிஜமாவே வில்லோடது. பிளேட்டு தேயத் தேய அதை அமுக்கற அழுத்தத் தட்டு ஃப்ளைவீல் (இன்ஜினோட சேர்ந்து சுத்தற சக்கரம்) பக்கம் நகரும், அப்ப வில்லோட உள் நுனிகள் பேரிங் பக்கமா எழும்பிக்கும், அமுக்கற பலம் கூடும். மிதி கனம்தான், ஆனா விட்டா விசுக்குனு மேல வரும். கூடவே ப்ளே குறைஞ்சுக்கிட்டே வரும், மேட்டுல ஆக்சிலரேட்டர் குடுத்தா இன்ஜின் சத்தம் ஏறும் வண்டி ஏறாது. இந்த ஆளுக்குத்தான் செட்டு மாத்தணும்.

அதனால முதல் வகைக்கு "உரசு கனம்", ரெண்டாவதுக்கு "வில் கனம்". முதல்ல "பிடி கனம்"னுதான் நினைச்சேன், கேபிள் புடிக்குதுன்னு சொல்ற பேச்சு ஏற்கனவே இருக்கே, ஆனா "கிளட்ச் புடிக்கல"ன்னா பிளேட்டு வழுக்குதுன்னு அர்த்தம், ரெண்டும் மோதும், விட்டுட்டேன். கிளட்சே உரசித்தானே வேலை செய்யுதுன்னு கேக்கலாம், ஆனா பிளேட்டை யாரும் உரசுதுன்னு சொல்றதில்ல, புடிக்குதுன்னுதான் சொல்வாங்க. வில் கனத்தைச் சேர்த்து எழுதாதீங்க, புணர்ச்சிப்படி "விற்கனம்"னு ஆகும், படிக்கறவருக்கு விற்கறதுதான் ஞாபகம் வரும்.

அந்த வில்லுக்கு "சுருள்வில்"னு எழுதறதையும் விட்டுடலாம். அது சுருளே இல்ல, தட்டையான வட்டத்தகடு, நடுவை நோக்கி விரல் விரலா வெட்டியிருக்கும், மேல இருந்து பார்த்தா பூவிதழ் விரிஞ்சு நிக்கற மாதிரி. "இதழ்வில்"னு வச்சா பார்த்தவுடனே எந்தப் பாகம்னு தெரிஞ்சுரும்.

ஆயில் கிளட்சுக்கும் (கேபிளுக்குப் பதிலா ஆயில் அழுத்தத்துல வேலை செய்யறது) இந்த ரெண்டு சொல்லும் அப்படியே ஓடுமான்னு யோசிச்சுக்கிட்டு இருக்கேன். அங்க ஹோஸ் உள்ள ஊதி வழி அடைச்சாலும் மிதி மெதுவாத்தான் திரும்பும், ஆனா அது உரசல் இல்ல, ஆயில் போற வழி சுருங்குனது. அதுக்கு "அடைப்புக் கனம்"னு மூணாவது ஒண்ணு வேணுமா, இல்ல உரசு கனத்துலயே அடக்கிடலாமா? ஆயில் கிளட்ச் கழட்டிப் பார்த்தவங்க சொல்லுங்க.