மறு: முன்பின்னியக்க வாளா, இழுவாளா?

வணக்கம்.

> “முன்பின்னியக்க வாள்” என்றால் பாடநூலோடு ஒத்துப்போகும். புதுச் சொல் எதற்கு?

ஒத்துப்போகும் அண்ணை, மறுக்கவில்லை. ஆனால் அலகு முன்னும் பின்னும் போய்வந்து வெட்டுகிற மின்வாளின் (reciprocating saw) பாவனை, பராமரிப்பு பற்றிய இந்தக் குறிப்பை நான் யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் மரவேலை பழகுகிற பெடியளுக்காக எழுதுகிறேன். “தம்பி, அந்த முன்பின்னியக்க வாளை எடு” என்று அங்கே ஒருத்தரும் கேட்கமாட்டினம். இப்போதைக்கு எல்லாமே அவர்களுக்குக் ‘கட்டர்’தான். கட்டரைக் கேட்டால் கிறைண்டர் வரும்.

‘ஈர்வாள்’ நல்ல பழஞ்சொல். 334ஆம் குறளில் ‘உயிர் ஈரும் வாள்’ வருகிறது. ஆனால் அது கைவாளுக்கும் பொருந்தும். ‘குத்துவாள்’ என்று பகிடியாக எழுதியவருக்கு: அந்தப் பெயரில் பார்சல் வந்தால் சுங்கத்தில் நீங்கள்தான் போய் நிற்கவேண்டும்.

என் தெரிவு ‘இழுவாள்’. சுடுநீர் மாதிரி வினைத்தொகை. இந்த வாளில் அலகு ஏறக்குறைய 30 மில்லிமீற்றர் தூரம் போய் வரும், நிமிடத்துக்கு 3000 தடவை வரைக்கும். போய் வந்தாலும் பெரும்பாலான அலகுகளின் பல் வெட்டுவது இழுப்பில்தான். முந்தி இரண்டு பேர் எதிரெதிரே நின்று மாறி மாறி இழுத்து மரம் அரிந்ததை நினையுங்கோ. இங்கே மற்ற ஆள் மோட்டர், அவ்வளவுதான்.

பெயரிலேயே பாதுகாப்பும் வந்துவிடுகிறது. இழுக்கிற வாளுக்கு முட்டு வேண்டும். முன்னால் இருக்கிற தகட்டை மரத்தோடு அழுத்திப் பிடிக்காவிட்டால் வாள் மரத்தை விட்டுவிட்டு ஆளைத்தான் ஆட்டும். அந்தத் தகட்டுக்கு ஆங்கிலத்தில் ‘shoe’, அதாவது சப்பாத்து என்று பெயர். முதல் வரைவில் நானும் “சப்பாத்தை மரத்தில் நன்றாக அழுத்தவும்” என்றே எழுதிவிட்டேன். வாசித்த பெடியன் குனிந்து தன்ர பாட்டாச் செருப்பைப் பார்த்தான். பிறகு காலைத் தூக்கிப் பனங் கைமரத்தில் வைத்தான். அன்றைக்கே அதை ‘முட்டுத்தகடு’ ஆக்கினேன். ‘பாதம்’ என்று திருத்தவேண்டாம், திரும்பவும் காலுக்குத்தான் போகும்.

அந்தக் கைமரமும் லேசுப்பட்டதில்லை. பழைய கூரையில் கழற்றியது. வெளியே கெட்டியான வைரம், உள்ளே மெத்தென்ற சோற்றி, இடையில் தலை முறிந்த ஆணி. அங்குலத்துக்கு 6 பல் உள்ள மர அலகு ஆணியில் பட்டால் பல் போய்விடும். ஆணிக்கும் தாங்குகிற ஈருலோக (bi-metal) அலகு போடவேண்டும். தனி இரும்புக்கு 18 பல்.

பராமரிப்புப் பகுதியில் சண்டைக்கு இடமில்லை. அலகு மாற்ற முதல் பிளக்கைக் கழற்று. ஆளியை (சுவிட்சை) நிற்பாட்டினால் போதாது. அலகு சுடும், வெறுங்கையால் தொடாதே. காற்றுத் துளைகளில் மரத்தூளைத் தங்கவிடாதே. காபன் (மோட்டருக்குள் மின் கடத்துகிற இரண்டு கரித்துண்டு) தேய்ந்தால் இரண்டையும் சேர்த்து மாற்று. அலகைப் பிடிக்கிற இடத்தில் கறள் பிடிக்கவிடாதே. ‘கார்பன் தூரிகை’ என்று எழுதச் சொன்ன ஐயா மன்னிக்கவேணும், கடையில் காபன் என்று கேட்டால்தான் தருவினம்.

மிச்சம் ஒன்று. வெட்டின வாய் மூடி அலகு அகப்படுவதற்குப் ‘பிணைப்பு’ என்று போட்டிருக்கிறீர்கள். எங்கட ஓடாவிமார் (தச்சர்) “வாள் இறுகுது” என்பினம். நான் ‘இறுகல்’ என்று மாற்றிவிட்டேன்.