நாணொலி முந்துமா, அம்பு முந்துமா?

குழு: கொருக்குப்பேட்டை வீடு
ஞாயிற்றுக்கிழமை

செந்தில், மாலை 5:04
(குரல் பதிவு, 7 விநாடி)
எல்லோரும் ஒரு தடவை கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். சத்தம் அதிகமா?

திவ்யா, 5:06
தெருமுனையில் கன்டெய்னர் லாரி மாட்டிக்கொண்டு நிற்கிறது அண்ணா. எனக்கு அதன் ஹாரன்தான் கேட்டது. என்ன சத்தம் அது?

செந்தில், 5:08
வில். இங்கே இப்போது காலை. வீட்டுக்குப் பின்னால் வைக்கோல் கட்டில் எய்து பழகுகிறேன். இலையுதிர் காலத்தில் பென்சில்வேனியாவில் வில் வேட்டைக்குத் தனிப் பருவம் உண்டு. என்னுடையது கப்பியெல்லாம் இல்லாத பழைய முறை ரீகர்வ் வில், நுனிகள் வெளிப்பக்கம் வளைந்திருக்கும். இழுவை 50 பவுண்டு. நாணை விட்டதும் ‘டங்’ என்கிறது. இந்தச் சத்தத்துக்கு மான் துள்ளிவிடும் என்று கூட வருகிறவர்கள் சொல்கிறார்கள்.

அம்மா, 5:09
மானையா கொல்லப் போகிறாய்? அதற்கு எங்களிடம் யோசனை வேறு கேட்கிறாயா?

செந்தில், 5:11
அம்மா, இங்கே வெள்ளைவால் மான் ஏராளம். பயிரைத் தின்கிறது, ராத்திரியில் கார்மீது வந்து மோதுகிறது. மாநில அரசே ஆண்டுதோறும் உரிமம் கொடுக்கிறது. இறைச்சியை வீணாக்க மாட்டோம்.

அம்மா, 5:11
என்னவோ செய். என் வீட்டு அடுப்பில் ஏறாது.

அத்தை, 5:13
அண்ணி, நம் ஊரில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான்மேல் கை வைத்தால் சிறை. அங்கே சட்டம் வேறு. அவனை அப்புறம் போனில் கூப்பிட்டுத் திட்டுங்கள். இந்தக் கணக்கை மட்டும் நான் போட்டுப் பார்க்கிறேன். செந்தில், அம்பின் வேகம் என்ன? எவ்வளவு தூரத்தில் எய்வாய்?

செந்தில், 5:14
விநாடிக்கு 50 மீட்டரை ஒட்டி இருக்கும் அத்தை. தூரம் 20 கெஜம், அதாவது 18 மீட்டர்.

சித்தப்பா, 5:15
சத்தமே வராத வில் ஒன்றை வாங்கிவிட்டால் போயிற்று. இதற்கு ஏன் இவ்வளவு பேச்சு?

பெரியப்பா, 5:17
அப்படி ஒரு வில் எங்கேயும் இருக்காது. இழுக்கும்போது தண்டுகளில் சேரும் சக்தி முழுவதையும் அம்பு எடுத்துக்கொண்டு போவதில்லை. மிச்சம் வில்லிலேயே தங்கிவிடுகிறது. தண்டும் நாணும் அதிர்வது அதனால்தான். ரயில் பெட்டி தொழிற்சாலையில் முப்பது வருஷம் அதிர்வோடு மல்லுக்கட்டியவன் சொல்கிறேன். செந்தில், அம்பு வைக்காமல் ஒரு தடவை நாணை இழுத்து விடு. வில்லின் சொந்தச் சத்தம் தெரிந்துவிடும்.

செந்தில், 5:18
ஐயோ பெரியப்பா, அதை மட்டும் செய்யக் கூடாது. சக்தி முழுவதும் வில்லுக்கே திரும்பி வந்து தண்டு பிளந்துவிடும்.

பெரியப்பா, 5:20
சரிதான், கேட்டது நல்லதாயிற்று. அப்படியானால் அம்பு எடை குறையக் குறைய அந்த நிலையை நோக்கித்தானே வில் போகிறது? காலி லாரி வேகத்தடையில் ஏறினால் தடதடவென்று கத்தும், சரக்கு ஏற்றிய லாரி பேசாமல் போய்விடும். உன் அம்பு என்ன எடை?

செந்தில், 5:22
இரண்டு வகை இருக்கின்றன. ஒன்று 350 கிரெயின், ஏறக்குறைய 23 கிராம். இன்னொன்று 500 கிரெயின், 32 கிராமுக்குக் கொஞ்சம் மேல். பதிவில் கேட்டது லேசான அம்பு. வேகமாகப் போனால் மானுக்கு நேரம் கிடைக்காதே என்று பார்க்கிறேன்.

அத்தை, 5:29
போட்டுவிட்டேன். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 18 மீட்டரை 0.05 விநாடியில் கடந்துவிடும். உன் அம்புக்கு 0.36 விநாடி வேண்டும். நடுவில் 0.31 விநாடி மானுடையது. கப்பி வைத்த வில்லில் 90 மீட்டர் வேகத்தில் விட்டாலும் 0.2 விநாடி. எந்த வில்லைக் கொண்டுவந்தாலும் ஒலிதான் முதலில் போய்ச் சேரும். லேசான அம்பு போட்டு அதை முந்தப் பார்ப்பது வீண் வேலை.

திவ்யா, 5:30
0.31 விநாடியில் ஒரு மான் ஓடிவிடுமா அத்தை?

செந்தில், 5:32
ஓட வேண்டியதில்லை. துள்ளுவதற்கு முன்னால் காலை மடக்கி உடம்பைத் தாழ்த்தும். அம்பு முதுகுக்கு மேலே போய்விடும், இல்லையென்றால் படக் கூடாத இடத்தில் படும். எனக்குப் பயமே அதுதான். குறி தவறினால் பரவாயில்லை. காயத்தோடு ஓடிப்போய் எங்கேயோ கிடந்து சாகக் கூடாது.

அத்தை, 5:37
அதையும் பார்க்கலாம். சத்தம் காதில் விழுந்து உடம்பு அசைய 0.1 விநாடி போகட்டும். மீதி 0.2. கால் பிடிமானத்தை விட்டு அப்படியே கீழே விழுகிறது என்று வைத்துக்கொண்டால் அரைப் பெருக்கல் 9.8 பெருக்கல் 0.04. ஏறக்குறைய 20 செ.மீ.

இப்போது 9 மீட்டருக்கு வா. அம்புக்கு 0.18, ஒலிக்கு 0.03. இடைவெளி 0.15தான். அசையத் தொடங்கும் நேரத்தைக் கழித்தால் 0.05 மிச்சம். விழும் தூரம் ஒன்றேகால் செ.மீ. நேரத்தை நேரத்தாலேயே பெருக்குகிறோம் அல்லவா, அதனால்தான் தூரம் பாதியானதும் இவ்வளவு மாறுகிறது. நீ வில்லின் சத்தத்தைக் கேட்கிறாய். முதலில் தூரத்தைக் கேள்.

செந்தில், 5:39
அத்தை!! இதை இங்கே யாரும் எனக்கு இப்படிச் சொல்லவில்லை.

சித்தப்பா, 5:40
வல்வில் ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் வீழ்த்தினான். கடைசியில் நின்ற உடும்புக்கு நாணொலி கேட்கவில்லையா? ஓட நேரம் இருந்ததே.

பெரியப்பா, 5:41
உனக்கு என்றைக்கும் விளையாட்டுதான்.

திவ்யா, 5:43
எனக்கு ஒரு சந்தேகம். கிண்டிப் பூங்காவில் புள்ளிமான் பஸ் இரைச்சலுக்கும் விமானச் சத்தத்துக்கும் தலையைக்கூடத் தூக்குவதில்லை. அப்படியிருக்க ஒரு நாண் சத்தத்துக்கு ஏன் துள்ள வேண்டும்?

செந்தில், 5:46
அது தினமும் கேட்டுப் பழகிய சத்தம் திவ்யா. காட்டில் எதிர்பாராமல், பக்கத்திலிருந்து, கூர்மையாக ஒன்று கேட்டால் கதை வேறு. அந்த நேரத்தில் மான் எப்படி நிற்கிறது என்பதும் இருக்கிறது. தலையைக் குனிந்து நிம்மதியாக மேய்ந்தால் ஓரளவு சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளும். காதை விறைத்துக்கொண்டு நம் பக்கமே பார்த்து நிற்கும் மானுக்கு எவ்வளவு அடங்கின ஒலியும் சத்தம்தான். அப்போது எய்யாமல் விடுவதுதான் முறை.

அத்தை, 5:48
கூர்மை என்று சொன்னாயே, அதைப் பிடி. மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். வெள்ளைவால் மான் அதற்கு மேலும் கேட்கும். நன்றாகக் கேட்பது 4 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் வரை. ஆக ‘டங்’கும் ‘கிளிக்’கும் ‘கடகட’வும் போக வேண்டும். ‘தொப்’ என்று அடங்கின சத்தம் இருந்துவிட்டுப் போகட்டும்.

பெரியப்பா, 5:52
இப்போது என் முறை. 32 கிராம் அம்பை மாட்டு. நாணுக்கும் கைப்பிடிக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி?

செந்தில், 5:53
ஏழே கால் அங்குலம். தயாரிப்பாளர் ஏழரையிலிருந்து எட்டேகால் வரை வைக்கச் சொல்கிறார்.

பெரியப்பா, 5:55
பின்னே கத்தாமல் என்ன செய்யும்? நாணைக் கழற்றி நாலைந்து முறுக்கு கூடுதலாகக் கொடு. நாண் குறுகும், இடைவெளி ஏறும். முறுக்கி எய், மறுபடி முறுக்கி எய். ஓரிடத்தில் சத்தம் தானாகத் தாழும். அங்கே நிறுத்து. அப்புறம் நாண் தண்டின் வளைவில் எங்கே அடிக்கிறது என்று பார்த்து அந்த இடத்தில் மெல்லிய துணி ஒட்டு.

செந்தில், 5:57
நாணில் கம்பளிக் குஞ்சம் கட்டலாம் என்றிருக்கிறேன். மேல் நுனியிலிருந்து கால் பங்கில் ஒன்று, கீழ் நுனியிலிருந்து மூன்றில் ஒரு பங்கில் ஒன்று. இரண்டும் சமதூரத்தில் இருக்கக் கூடாதாம். வேகம் கொஞ்சம் குறையும்.

அத்தை, 5:58
குறையட்டும். வேகத்தைப் பற்றித்தான் பேசி முடித்துவிட்டோமே.

திவ்யா, 5:59
மழை பெய்தால் கம்பளி ஊறிப்போகாதா?

செந்தில், 6:00
ஊறும். கனத்துவிடும். அதனால்தான் சிலர் நீர்நாய் மாதிரி நீரில் வாழும் பிராணிகளின் ரோமத்தை வைக்கிறார்கள். நான் ரப்பர் இழையும் வாங்கி வைத்திருக்கிறேன்.

பெரியப்பா, 6:21
என்ன ஆயிற்று? ஆளையே காணோம்.

செந்தில், 6:38
(குரல் பதிவு, 5 விநாடி)
கனமான அம்பு, எட்டு அங்குலம், இரண்டு குஞ்சம். இந்தத் தடவை போனை என் பக்கத்தில் வைக்கவில்லை. 15 மீட்டர் முன்னால், அம்பு போகும் பாதையை விட்டு நன்றாக விலகி, ஒரு மரத்துக்குப் பின்னால் வைத்தேன். மான் நிற்கும் தூரத்தில் எப்படிக் கேட்கிறது என்று தெரிய வேண்டுமே.

திவ்யா, 6:40
லாரி போய்விட்டது, இப்போது தெளிவாகக் கேட்டேன். ‘தொப்’ மட்டும்தான். முதல் பதிவில் இருந்த ‘டங்’ இல்லை.

பெரியப்பா, 6:43
மூன்று தடவை கேட்டேன். ‘தொப்’புக்குப் பின்னால் சன்னமாக ஒரு ‘கறகற’ வருகிறது. அது நாண் இல்லை. வில்லில் வேறு என்ன மாட்டியிருக்கிறாய்?

செந்தில், 6:44
பக்கத்தில் அம்பறாத்தூணி. அதில் நான்கு அம்புகள்.

பெரியப்பா, 6:44
அதுதான் ஆடுகிறது. கழற்றிவிட்டு ஒன்று அனுப்பு. திருகாணியையும் இறுக்கிப் பார்.

அம்மா, 6:46
முதலில் காலைச் சாப்பாடு ஆயிற்றா என்று சொல். அப்புறம் திருகாணியை இறுக்கலாம்.

செந்தில், 6:47
ஆயிற்று அம்மா. பெரியப்பா, பத்து நிமிடத்தில் அனுப்புகிறேன். அத்தை, இனி 12 மீட்டருக்கு மேல் எய்வதில்லை என்று வைத்துக்கொள்ளட்டுமா?

அத்தை, 6:49
12 மீட்டருக்கு ஏறக்குறைய 5 செ.மீ. வருகிறது. வைத்துக்கொள்.