கண்ணீர்ல இருக்குற கிருமிக்கொல்லி எங்கேருந்து வருது? (ஃபார்ம் 4 பையனோட கேள்வி)

பகாவ்காரி

வணக்கம் எல்லாருக்கும், ஒரு சந்தேகம், சிரிக்காதீங்க. பையன் ஃபார்ம் 4. பயோலஜி புக்குல கண்ணீர்ல லைசோசைம்னு ஒரு என்சைம் இருக்கு, அது பாக்டீரியாவ கொல்லும்னு ஒரே ஒரு வரி போட்டிருக்காம். அதோட விட்டானா, "அம்மா அது எங்கேருந்து வருது, ரத்தத்துலேருந்து வடிஞ்சு வருதா இல்ல கண்ணு முழியே செய்யுதா"ன்னு நான் வெங்காயம் அரிஞ்சிக்கிட்டு இருக்குறப்ப வந்து நிக்கிறான். நான் எஸ்.பி.எம். (ஃபார்ம் 5 பரீட்சை) வரைக்கும்தான், அதுவும் எக்கவுண்ட்ஸ் லா.

வீட்டுக்காரர் செம்பனை (எண்ணெய்ப் பனை) குலை வெட்டுறவரு. கண்ணு செவந்தா தானே தண்ணி வருது, அப்ப ரத்தத்துலேருந்துதான்னு அவரு கட்சி. மாமியார் கட்சி வேற, மூக்கோரம் இருக்குற அந்த செவப்பு சதையிலதான் கண்ணீர் ஊறுதாம், கண்ணு வலின்னா தாய்ப்பால் ரெண்டு சொட்டு விட்டா போதுமாம், தோட்டத்துல இருந்தப்ப எல்லாரும் அப்படித்தான் செஞ்சாங்களாம். ஒடனே இவன் "அப்ப பாட்டி கண்ணுல மட்டும் ஏன் தெனம் காலைல பூளை கட்டுது, லைசோசைம் லீவா"ன்னு கேட்டுட்டான். அன்னிக்கு ராத்திரி அவங்க சாப்பிடல.

இன்னொன்னு, முந்தாநாள் குலை வெட்டுறப்ப மேலேருந்து தூசி இவரு எடது கண்ணுல விழுந்துச்சு. செவந்து தண்ணியா ஊத்துது. கடையில ஏதோ சொட்டு மருந்து வாங்கி வச்சிருக்காரு. "கண்ணீர்லயே மருந்து இருக்காம்ல, தானா கழுவிடும்"னு கிளினிக் போகாம ஒக்காந்திருக்காரு.

லேப்_தம்பி

அக்கா, பையன் கேட்டது நல்ல கேள்வி, நாங்க படிக்கிறப்ப அந்த ஒரு வரிய மனப்பாடம் பண்ணிட்டு தாண்டிப் போயிட்டோம். ரத்தமும் இல்ல, முழியும் இல்ல. புருவத்து எலும்புக்கு அடியில, வெளிப்பக்க மூலையில, பாதாம் பருப்பு அளவுக்கு ஒரு சுரப்பி இருக்கு, அதுதான் கண்ணீர்ச் சுரப்பி. மூக்குப் பக்கம் இல்ல, காதுப் பக்கம். உள்ள செல்லுங்க திராட்சைக் கொத்து மாதிரி கூட்டம் கூட்டமா இருக்கும், லைசோசைம செய்யுறது அந்த செல்லுங்கதான். அதுக்கான மரபணு நம்மகிட்ட 12ஆவது குரோமோசோம்ல இருக்கு, அதப் பாத்து 130 அமினோ அமிலத்த கோத்து புரதமா மடிச்சு, குட்டிக் குட்டி பையில கட்டி ரெடியா வச்சிருக்கும், வெங்காய நெடி வந்து நரம்பு சிக்னல் குடுத்ததும் பை ஒடைஞ்சு தண்ணியோட கொட்டும். இது போக இமைக்கு உள்பக்கம் கிராவுஸ், வூல்ஃப்ரிங்னு பொடிப் பொடி சுரப்பிங்க இருக்கு, அதுங்களும் கொஞ்சம் சுரக்கும். இமை ஓரத்துல வர்ற எண்ணெய் வேற டிப்பார்ட்மெண்ட்டு, அது கண்ணீர் சீக்கிரம் காஞ்சிடாம மூடி வைக்கத்தான்.

அண்ணன் சொன்னதுல பாதி சரி. தண்ணி, உப்பு, அமினோ அமிலம் எல்லாம் ரத்தத்துலேருந்துதான் சுரப்பிக்குப் போகுது. ஆனா மாவு லாரியில வருதுன்னா ரொட்டி சானாயும் லாரியிலதான் வருதுன்னு சொல்ல முடியுமா? ரத்தத்துலயும் லைசோசைம் இருக்கு, ஆனா கண்ணீர்ல அத விட நூறு மடங்குக்கும் மேல. வெறும் வடிகட்டுன ரத்தம்னா இவ்ளோ எப்படி சேரும், அங்கயே செஞ்சாத்தான் சேரும்.

மாமியார் சொன்ன எடம் ஊத்து இல்ல, வாய்க்கால். பையன டார்ச்லைட்டு எடுத்துக்கிட்டு கண்ணாடி முன்னால நிக்கச் சொல்லுங்க. கீழ் இமைய லேசா இழுத்தா, அந்த செவப்பு சதைக்குக் கொஞ்சம் முன்னாடி ஓரத்துல குண்டூசி மொன அளவுக்கு ஒரு ஓட்டை தெரியும். மேல் இமையிலயும் ஒன்னு இருக்கு. கண்ணீர் அது வழியா மூக்குக்குள்ள எறங்குது, அதான் அழுதா மூக்கு ஒழுகுது, சொட்டு மருந்து விட்டா தொண்டையில கசக்குது.

எப்படிக் கொல்லுதுன்னும் கேப்பான், இப்பவே சொல்லிடறேன். பாக்டீரியாவச் சுத்தி சர்க்கரைச் சங்கிலிய வலை மாதிரி பின்னி ஒரு சுவர் இருக்கும். லைசோசைம் அந்தச் சங்கிலியில ரெண்டு சர்க்கரைக்கு நடுவுல இருக்குற கொக்கிய வெட்டும். சுவர் வீக்காச்சுன்னா வெளிய இருக்குற தண்ணி உள்ள பூந்து பாக்டீரியா பொட்டுன்னு வெடிச்சிடும். ஆனா எல்லாத்தையும் வெட்டாது, கிராம்-நெகட்டிவ்னு சொல்ற பாக்டீரியாவுக்கெல்லாம் வெளிய இன்னொரு தோல் இருக்கு, கத்தி எட்டாது. வைரஸுக்கு சுவரே கெடையாது, அதான் பள்ளிக்கூடத்துல ஒருத்தனுக்கு கண்ணு வலி வந்தா கிளாஸுக்கே வருது.

கூட ஆளுங்க இருக்கு. லாக்டோஃபெரின், இது என்சைம் இல்ல, இரும்புச்சத்த புடிச்சு வச்சுக்கிட்டு பாக்டீரியாவ பட்டினி போடும். ஃபாஸ்ஃபோலைபேஸ் ஏ2, இது என்சைம், பாக்டீரியாவோட சவ்வுல இருக்குற கொழுப்ப வெட்டும். ரெண்டும் அதே சுரப்பிதான். ஆனா ஐஜிஏ எதிர்ப்பொருள் மட்டும் கொஞ்சம் வேற கதை, ரத்தத்துல வந்த வெள்ளையணு வகை செல்லுங்க சுரப்பிக்குள்ளயே குடித்தனம் வந்து ஒக்காந்து அதச் செய்யுதுங்க, சுரப்பி செல்லு அத வாங்கி இந்தப் பக்கம் தள்ளி விடுது. அந்த ஒன்னுல அண்ணனுக்கு அர மார்க் போடலாம்.

ரிட்டையர்டு_மிஸ்ஸி

தங்கச்சி, நான் நர்ஸா இருந்தவ, பயோலஜி இருக்கட்டும், மொதல்ல உன் வீட்டுக்காரர கெளப்பு. செம்பனைத் தூசி, ஓலை, முள்ளு, இந்த மாதிரி செடி கொடி சமாச்சாரம் கண்ணுல கீறுச்சுன்னா கருவிழியில பூஞ்சை புடிக்கும், அதுக்கு லைசோசைம நம்பி ஒக்கார முடியாது. ரெண்டு நாளா செவந்து தண்ணி கொட்டுதுன்னா உள்ள துணுக்கு நிக்குது இல்ல கீறல் இருக்குன்னு அர்த்தம். வெளிச்சம் பாத்தா கூசுதா, பார்வை மங்குதா, கருவிழியில வெள்ளையா புள்ளி ஏதும் தெரியுதா? எதுவுமே இல்லன்னாலும் போகணும். அந்தச் சொட்டு மருந்த கீழ வை, அதுல ஸ்டீராய்டு இருந்து உள்ள பூஞ்சையும் இருந்தா எரியுற அடுப்புல எண்ணெய் ஊத்துன மாதிரி. கண்ண கசக்கவும் விடாத.

தாய்ப்பால் விஷயம். ஒங்க மாமியார திட்டாதீங்க, தாய்ப்பால்லயும் லைசோசைம், லாக்டோஃபெரின், ஐஜிஏ எல்லாமே இருக்கு, பசும்பால்ல லைசோசைம் ரொம்பக் கம்மி. அவங்க காலத்துல டிரஸ்சர் (தோட்டத்துல மருந்து குடுக்குறவரு) வாரத்துக்கு ஒரு தடவ வருவாரு, கையில இருந்ததத்தான் செஞ்சாங்க. ஆனா பால்ல சர்க்கரையும் இருக்கு, நம்ம தோல்ல இருக்குற கிருமியும் கலக்கும், கண்ணுல தேங்குனா அதுவே கிருமிக்கு சாப்பாடு. பச்சப்புள்ளைக்கு கண்ணு பூளை கட்டுனா பெரும்பாலும் அந்தத் தம்பி சொன்ன வாய்க்கால் இன்னும் தொறக்காததுதான், அனேகமா ஒரு வயசுக்குள்ள தானா தொறந்துக்கும். ஆனா பொறந்த மொத மாசத்துல கண்ணு வீங்கி சீழு வந்தா பாலும் வேணாம் பாட்டி வைத்தியமும் வேணாம், நேரா கிளினிக். வார்டுல நான் பாத்துட்டேன், போதும்.

பாட்டிக்கு வாயும் காயுதா, கண்ணுல மணல் விழுந்த மாதிரி உறுத்துதான்னு கேளு. வயசானா சுரப்பி தளந்துடும், லைசோசைமும் கொறையும்.

சீரியல்_ராணி

அப்ப நான் தெனம் ஏழு மணிக்கு டிவி பாத்து அழுவுறது கண்ணுக்கு நல்லதா, கூடக் கொஞ்சம் லைசோசைம் வருமா 😂

லேப்_தம்பி

ராணிக்கா வரும், ஆனா அப்படியே கன்னத்துல வழிஞ்சு போயிடும். கண்ணுல எப்பவும் நிக்கிற கண்ணீர் 7 மைக்ரோலிட்டர் சொச்சம்தான், ஒரு சொட்டுல பாதி கூட இல்ல. இதுல ஒரு வேடிக்கை, எவ்ளோ வேகமா அழுதாலும் லைசோசைம், லாக்டோஃபெரின் அடர்த்தி பெருசா கொறையாது, சுரப்பியே ரெண்டையும் சேத்துத்தான் கொட்டுது. ஐஜிஏதான் தண்ணியா போயிடும், அது தன் பாட்டுக்கு ஒரே வேகத்துல வர்றது. ராத்திரி கண்ண மூடித் தூங்குறப்ப தண்ணி வரத்து கொறஞ்சு ஐஜிஏ கெட்டியா சேந்துடும்.

அழ வைக்கிறதுன்னதும் பென்சிலின் கண்டுபுடிச்ச ஃப்ளெமிங் கதை ஞாபகம் வருது. 1921ல, பென்சிலினுக்கு ஏழு வருஷம் முன்னாடி, சளி புடிச்சிருந்தப்ப மூக்குச் சளிய பாக்டீரியா வளத்த தட்டுல விட்டுப் பாத்தாரு, சுத்தி இருந்ததெல்லாம் கரைஞ்சு போச்சு. அப்புறம் கண்ணீர்லயும் அதே சாமான் இருக்குன்னு கண்டுபுடிச்சு, லேப்ல இருக்குறவங்க கண்ணுல எலுமிச்சம்பழம் பிழிஞ்சு கண்ணீர் சேத்தாராம். இப்ப எங்க பாஸ் அப்படி செஞ்சா யூனியன் வந்துடும். முட்டை வெள்ளைக்கருலயும் லைசோசைம் நெறைய, 1965ல லண்டன்ல எக்ஸ்ரே வச்சு மொத மொதல்ல முழு உருவம் கண்டுபுடிச்ச என்சைமே அந்த முட்டை லைசோசைம்தான்.

மங்கு_கழுவுனவன்

இவ்ளோ பேசுறீங்க, நம்ம பால் மரத்த விட்டுட்டீங்களே. ரப்பர் பால்ல ஹெவாமின்னு ஒரு என்சைம் இருக்கு, பூஞ்சையோட கைட்டின் சுவர வெட்டும், பாக்டீரியா சுவரயும் வெட்டும், கிட்டத்தட்ட லைசோசைம் செய்யுற மாதிரி வேலை. மரத்த வெட்டுனா காயம்தானே, அந்தக் காயத்து வழியா கிருமி பூந்துடாம மரம் தனக்குன்னு வச்சிருக்குற மருந்து அது. அம்மா பால் வெட்டுனப்ப நான் பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாடி மங்கு (பால் புடிக்கிற கிண்ணம்) கழுவிக் குடுப்பேன், கையெல்லாம் ஒட்டுப்பால் நாத்தம், பஸ்ல பக்கத்துல எவனும் ஒக்கார மாட்டான். அதுக்குள்ள இப்படி ஒரு சரக்கு இருக்குன்னு நாப்பது வயசுலதான் தெரிஞ்சிக்கிட்டேன்.

மிஸ்ஸி அடிக்க வர்றதுக்குள்ள சொல்லிடறேன், அத யாரும் கண்ணுல விடாதீங்க. ஒரு தடவ அம்மா கண்ணுல தெறிச்சு ரெண்டு நாள் தொறக்கவே முடியல.

பகாவ்காரி

எல்லாருக்கும் நன்றி. மிஸ்ஸி அக்கா எழுதுனத சத்தமா படிச்சுக் காட்டுனேன், பூஞ்சைன்னதும் எந்திரிச்சிட்டாரு. கிளினிக்ல ஆரஞ்சு கலர்ல ஏதோ சொட்டு விட்டு நீல லைட்டு அடிச்சுப் பாத்தாங்க, கருவிழியில பச்சையா ஒரு கோடு, நகக்கீறல் மாதிரி. மேல் இமைய திருப்புனா உள்ள ஒரு துணுக்கு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, கண்ண சிமிட்டுறப்பல்லாம் அதுதான் கீறியிருக்கு. எடுத்துட்டாங்க. எண்டிபயாடிக் சொட்டு குடுத்து நாளான்னைக்கு திரும்ப வரச் சொல்லியிருக்காங்க, அது வரைக்கும் மரத்தடிக்கு போகக்கூடாதாம். கடையில வாங்குன மருந்த பாத்துட்டு டாக்டர் எதுவும் சொல்லாம குப்பையில போட்டாரு.

பையன் டார்ச்லைட்டோட எல்லார் கண்ணுலயும் ஓட்டை தேடிக்கிட்டு இருக்கான். எனக்கு தெரியுது, அப்பாவுக்கு தெரியுது. பாட்டி மட்டும் மொதல்ல மொகத்த திருப்பிக்கிட்டாங்க, அப்புறம் அவங்களே கண்ணாடிய கழட்டி வச்சிட்டு "எங்க, பாரு"ன்னு இமைய இழுத்துக் காட்டுனாங்க. வாயும் காயுதாம், ரெண்டு வருஷமா. யார்கிட்டயும் சொல்லல. நாளான்னைக்கு அவங்களையும் கூட்டிட்டுப் போறேன்.