புதுப்பிப்பு: தனியாக வெள்ளியங்கிரி ஏறலாமா என்று கேட்டிருந்தேனே...

கோவை பக்கத்து வெள்ளியங்கிரியில் ஏழு மலை ஏறி உச்சியில் இருக்கும் சிவனைக் கும்பிட வேண்டும், கூட வர ஆளில்லை, போகலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். "கிளம்புங்க, மலையில யாரும் தனி ஆள் இல்ல" என்று பலரும் சொன்னீர்கள். போய்விட்டு வந்துவிட்டேன். நீங்கள் சொன்னது அப்படியே உண்மை.

பூண்டி அடிவாரத்தில் மூங்கில் தடி வாங்கி, ராத்திரியே ஏற ஆரம்பித்தேன். முதல் மலையின் கல்படிகள்தான் மூச்சு வாங்க வைக்கின்றன. அங்கேயே ஈரோட்டுப் பக்கத்து விவசாயிகள் நாலைந்து பேர், "வாங்க சாமி, எங்களோடயே வாங்க" என்று சேர்த்துக்கொண்டார்கள். பெயர்கூடக் கேட்கவில்லை. ஒருவர் கால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது, இறங்கி வந்த முன்பின் தெரியாத பையன் நின்று, கெண்டைக்காலை நீவிவிட்டு, தன்னிடமிருந்த கடலைமிட்டாயைக் கொடுத்துவிட்டுப் போனான். இந்த மாதிரி மனிதர்களை ஊருக்குள் நான் பார்ப்பதே அபூர்வம்.

ஆறாவது மலையில் ஆண்டி சுனைத் தண்ணீரில் கைவைத்ததும் விரல் மரத்துப்போனது. ஏழாவது மலை உச்சியில் காற்று ஆளையே தள்ளுகிறது. சூரியன் வரும்வரை ஒரே போர்வைக்குள் மூன்று பேர் ஒண்டிக்கொண்டு இருந்தோம்.

போகிறவர்களுக்கு: பிப்ரவரி முதல் மே வரைதான் பொதுவாக அனுமதி. அடிவாரத்தில் வனத்துறையினர் பையைச் சோதித்துப் பிளாஸ்டிக்கை எடுத்துவிடுவார்கள்; தயவுசெய்து ஒத்துழையுங்கள், அது யானைக்காடு. இதய நோய், மூச்சுத்திணறல் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஏறவே வேண்டாம். இறங்கும்போது முழங்காலுக்குத் தடி கட்டாயம் வேண்டும்.